36 கிளிக், ஒரு அருவி!

உங்க போன்ல குற்றாலம் போட்டோ எத்தனை இருக்கும்? நானூறு? சரி, கேலரியைத் திறக்காம, எதை எங்கே நின்னு எடுத்தீங்கன்னு ஒரு பத்து படத்துக்குச் சொல்லுங்க பாப்போம். திணறுதுல்ல? நான் 36 படத்துக்கும் ஒண்ணுவிடாம சொல்வேன். இத்தனைக்கும் அந்த 36-ல ஒண்ணுகூட என் கையில இல்ல! அந்தச் சோகக் கதைதான் இது.

நமக்கு ஊர் கோவில்பட்டி. கடலை மிட்டாய், தீப்பெட்டி, கரிசல் காடு... தண்ணியை மட்டும் கேக்காதீங்க. ஜூன், ஜூலையில சாரலையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை குற்றாலத்துக்கே கொடுத்துடும். நமக்கு வந்து சேர்றது வறண்ட மேல்காத்தும் புழுதியும்தான். மழைக்கு ஐப்பசி வரை காத்துக் கிடக்கணும். அதனாலயோ என்னவோ, எங்க ஆச்சிக்கு அருவின்னா உயிர். சித்ரா பௌர்ணமிக்கு வருஷம் தவறாம செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு மலையேறினவங்க. இப்போ முழங்கால் விடலை. "எய்யா, அந்தத் தண்ணிய ஒரு படம் புடிச்சுட்டு வாய்யா. போன்ல காட்டாத, கண்ணு தெரியல. பெருசா, காயிதத்துல வேணும்"னாங்க.

மாமாவோட பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவைத் தூசி தட்டினேன். 1976-ல வந்த மாடல். பேட்டரி செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும்; லைட் மீட்டர் மட்டும்தான் படுத்துக்கும். மழைக்காட்டு ஈரத்துக்கு இதைவிட நம்பகமான ஆள் கிடையாது!

போக முடியுமா பாஸ்?

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க. பேரருவியிலிருந்து செண்பகாதேவிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மலையேத்தம். அதுக்கும் மேலே தேனருவி. பாறையில தேன்கூடு தொங்குறதால அந்தப் பேரு. தேனருவிக்குப் பொதுமக்கள் போகத் தடை. செண்பகாதேவிக்கும் கோயில் விசேஷ நாள்ல, வனத்துறை அனுமதிச்சாத்தான் வழி. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. வழி திறக்கிற சித்திரையில தண்ணி மெலிசா இருக்கும். தண்ணி கொட்டுற ஆடியில வழி மூடியிருக்கும்!

"ரூட் தெரியும்டா, நைஸா போயிரலாம்"னு எந்த நண்பனாவது சொன்னா, கேக்காதீங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். அது எல்லாரும் குளிக்கிற அருவி. கீழே வெயில் அடிச்சாலும் மேலே மலையில பெய்ற மழை நமக்குத் தெரியாது. எந்தப் படமும் அதுக்கு ஈடாகாது.

கேமராவே இல்லாத காலத்துலயும் இந்த அருவி ஆட்களை இழுத்திருக்கு. 1792-ல தாமஸ் டேனியலும் அவரோட சகோதரர் மகன் வில்லியமும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து குற்றாலம், பாபநாசம் அருவிகளை வரைஞ்சாங்க. பின்னாடி அதெல்லாம் லண்டன்ல அச்சாச்சு. ஃபிலிமுக்கும் நம்ம மாநிலத்துக்கும்கூட சொந்தம் உண்டு. 1960-ல ஊட்டியில ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கிற பேர்ல ஃபிலிம் தயாரிச்சது. இப்போ அது மூடியாச்சு. இன்னைக்கு ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ண நாலு இலக்கத்துல காசு வேணும். கலர் ஃபிலிமை 38 டிகிரி மருந்துத் தண்ணியில கழுவணும். அட, அது எங்க ஊரு மே மாச வெயில்தானே!

எடுக்கிறது எப்படி?

* மரத்தடியில வெளிச்சம் ரொம்பக் கம்மி. 200 ஐஎஸ்ஓ ஃபிலிம்னா ஷட்டர் 1/15 செகண்டுக்குக்கூட இறங்கிடும். கையில பிடிச்சா படம் ஆடிடும். ட்ரைபாடும் கேபிள் ரிலீஸும் அவசியம்.

* தண்ணி பட்டுத்துணி மாதிரி வழியணுமா? அரை செகண்ட் வைங்க. துளித்துளியாத் தெறிக்கணுமா? 1/500.

* வெள்ளை நுரையைப் பார்த்து மீட்டர் ஏமாந்துடும். "அடேயப்பா, எவ்ளோ வெளிச்சம்!"னு நினைச்சு இருட்டாக்கிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வைங்க. கலர் நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைச்சலைத் தாங்காது.

* லென்ஸ்ல சாரல் பட்டா சட்டை நுனியால தேய்க்காதீங்க. பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. பைக்குள்ள சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்க. குரங்கு வந்தா முதல்ல பையைக் கட்டிப் பிடிங்க!

கடைசி டிப்ஸ், நான் பட்டுத் தெரிஞ்சது. ஃபிலிம் மாட்டினதும் லீவரை இழுத்துப் பாருங்க. இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் கூடவே சுத்தணும். சுத்தலைன்னா ஃபிலிம் நகரலைன்னு அர்த்தம்.

நான் பாக்கலை. சித்ரா பௌர்ணமி அன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா ஏறினேன். வீம்புக்குப் போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டுட்டு, ஒவ்வொரு ஃப்ரேமையும் எண்ணி எண்ணி எடுத்தேன். சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ்ல கவுண்டரைப் பாத்தேன். 36 தாண்டியாச்சு. ஆனா லீவர் இன்னும் வழவழன்னு வருது. வயித்தைக் கலக்கிடுச்சு. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தா... ஃபிலிம் டப்பாவை விட்டு நகரவே இல்ல!

ஆச்சி முன்னாடி தலையைத் தொங்கப் போட்டு நின்னேன். அவங்க கோவப்படலை. "படம் கெடக்கட்டும். நீ பாத்தியா இல்லியா? அதச் சொல்லுய்யா"ன்னாங்க.

சொன்னேன். மூணாவது படம், பாறை இடுக்குல வழிஞ்ச ஒத்தை நூல் தண்ணி. பதினொண்ணாவது, ஈரப் பாவாடையோட கண்ணை மூடி நின்ன குட்டிப் பொண்ணு. இருபத்தி நாலாவதுக்கு வெயில் மேகத்தை விட்டு வெளிய வரட்டும்னு பத்து நிமிஷம் காத்திருந்தேன். முப்பத்தாறாவது வரை எல்லாம் அப்படியே வந்துச்சு. நடுவுல ஆச்சி, "அந்த எடத்துல ஒரு பெரிய வேர் இருக்குமே, அது இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்கு. பத்தொன்பதாவது படம் அதுதான்.

வெளிச்சமே படாத அந்த ரோல் இப்போ ஃபிரிஜ்ல தோசை மாவுக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கு. அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு மறுபடியும் போறேன்.

குமிழ் சுத்துதான்னு பாத்துட்டுத்தான் ஏறுவேன்!