ஒரு கொடிக்குள் எத்தனை கைகள்?

தேசியக் கொடி என்றதும் மூன்று நிறமும் சக்கரமும் கண்முன் வந்துவிடும். அந்தத் துணி எப்படி உருவாகிறது, அதில் யாருடைய பிழைப்பு இருக்கிறது என்பது அவ்வளவாக நம் பேச்சில் வருவதில்லை. தேநீரை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கதர். கைத்தறியில் நெய்ததெல்லாம் கதர் ஆகிவிடாது. கைத்தறிச் சேலைக்கு நூற்பாலை நூலையே பாவும் ஊடையுமாகப் போடலாம். கதருக்கோ நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும். ஒரு தறி ஓய்வில்லாமல் ஓட வேண்டுமென்றால் அதற்கு நூல் கொடுக்கப் பல பேர் ராட்டையில் உட்கார வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் வடிவமைத்த, பல கதிர்கள் கொண்ட அம்பர் ராட்டை வந்த பிறகும் சுற்றுவது மனிதக் கைதான். ஆகவே கதரில் வேலை அதிகம் இருப்பது நூற்பில்.

அடுத்து, அந்தக் கதர் கொடியாகும் ஹூப்ளிக்குப் போவோம். அங்கே பெங்கேரியில் இருக்கிறது கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம். பாகல்கோட்டைப் பக்கம் நெய்த துணி இங்கே வருகிறது. அதை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றுக்குக் காவியும் ஒன்றுக்குப் பச்சையும் சாயமேற்றி, மூன்றாவதை வெளுக்கிறார்கள். வெள்ளைப் பட்டையில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரத்தை இரு பக்கமும் அச்சிட வேண்டும். ஒரு பக்கத்து ஆரத்துக்கு நேர் பின்னே மறுபக்கத்து ஆரம் விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரட்டையாகத் தெரிந்துவிடும். பிறகு தையல், அளவுச் சோதனை. இந்தத் தையல் மேசைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இப்போது எல்லோருக்கும் வரும் ஒரு குழப்பத்துக்கு வருவோம். ‘கொடி கதரில் இருக்க வேண்டும் என்பது காந்தியின் நினைவுக்காக வைத்த ஒரு மரியாதை, உள்நாட்டு வேலையைக் காக்க வேண்டுமென்றால், இந்தியாவில் செய்தது என்று முத்திரை இருந்தால் போதாதா?’ கேள்வி நியாயமானதாகத்தான் தெரிகிறது. ஆனால் 2002-இன் கொடிச் சட்டத் தொகுப்பைப் படித்தால், துணியைப் பற்றிய வரியில், அது எந்த நாட்டில் தயாராக வேண்டும் என்ற பேச்சே இல்லை. கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, கம்பளி அல்லது பட்டுக் கதர் என்றுதான் இருந்தது.

இதை இட்லியை வைத்து யோசிப்போம். ஊர் விருந்துக்கு ‘உள்ளூர் மாவு’ வேண்டும் என்று விதி போட்டால், வெளியூர்ப் பாக்கெட் மாவு நின்றுபோகும். உள்ளூரில் ஒருவர் பெரிய கிரைண்டர் வைத்து மொத்த மாவையும் அரைத்துத் தந்துவிடுவார். ‘ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு’ என்று விதி போட்டால் பாக்கெட்டும் வராது, கிரைண்டரும் வராது. அரைக்கிற கைகளுக்குத்தான் கூலி போகும். கதர் விதி இந்த இரண்டாவது வகை. இறக்குமதியையும் சொந்த நாட்டு ஆலையையும் ஒரே வரியில் வெளியே நிறுத்தியது.

2021 டிசம்பர் 30 அன்று அந்த வரி திருத்தப்பட்டது. இயந்திரத்தில் செய்ததும் ஆகும், பாலியஸ்டரும் ஆகும் என்று சேர்த்தார்கள். தெருவோரத்தில் பாலியஸ்டர் கொடி அதற்கு முன்பும் விற்றதுதான். இப்போது அது முறைப்படியான கொடியாகிவிட்டது. கதர் சங்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடினார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை ஒட்டி, வீடுதோறும் மூவர்ணக் கொடி ஏற்றச் சொன்னது அரசு. 20 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இலக்கு. தபால் நிலையத்தில் ஒரு கொடி 25 ரூபாய். அத்தனை கொடிகளை அந்த விலைக்கு ராட்டையால் கொடுத்திருக்க முடியாது. சூரத்தின் ஆலைகள் கொடுத்தன. அங்கும் கூலி வாங்கியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள்தான். ஆனால் ஒரு கொடிக்கு எத்தனை பேர் வேலை என்று கணக்குப் போட்டால், துணிச் சுருளில் மூன்று நிறத்தையும் சக்கரத்தையும் சேர்த்து அடித்துத் தள்ளும் இயந்திரம் ராட்டைக்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று, கையால் நூற்ற கதர் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பாலியஸ்டர் துணியை எந்த நாட்டு ஆலையும் நெய்து தரும். சுருளை வெளியிலிருந்து வாங்கி இங்கே அச்சிட்டுத் தைத்தால், கடைசித் தையலுக்கான கூலி மட்டுமே இங்கே தங்கும்.

ஆகவே கொடி எந்த நாட்டில் தயாரானது என்பது ஒரு கேள்வி. அதில் எத்தனை கைகளுக்குக் கூலி கிடைத்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு முத்திரை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு நூற்பு, நெசவு, சாயம், அச்சு, தையல் என்று ஒவ்வொரு படியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வழியும் தெரியும்: வீட்டு மாடிக்கு மலிவான கொடி, அரசுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் கதர்க் கொடி என்று தனித்தனியாக விதி எழுதத் தடை ஏதுமில்லை.