துருப்பூஞ்சை ஏன் மாறியது?

செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் காப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால், சில சமயம் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். இலைத்துரு நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் அவை.

1911-ல் மைசூர்ப் பகுதித் தோட்டக்காரர் கென்ட், இந்நோயைத் தாங்கும் செடியைக் கண்டெடுத்தார். 'கென்ட்ஸ்' ரகம் பரவியது. பின்னர் அதையும் தாக்கும் பூஞ்சை வகை பெருகிவிட்டது.

எப்படி? "புது ரகத்தை வெல்வதற்காகப் பூஞ்சை தன்னை மாற்றிக்கொண்டது" என்று எழுதும் மாணவர் பரிணாமப் பாடத்தின் மையத்தையே தவறவிடுகிறார். வித்துகள் லட்சக்கணக்கில் உருவாகும்போது மரபணுவில் பிழைகள் நேர்கின்றன. தேவை பார்த்து அவை வருவதில்லை. தற்செயலாகக் கிடைத்த ஒரு மாற்றம் கென்ட்ஸ் இலையில் பிழைக்க உதவியிருந்தால், அதன் வாரிசுகளே பெருகும். மாற்றம் தற்செயல், தேர்வு தற்செயல் அல்ல.

மாற்றம் தற்செயல் என்பதை 1943-ல் விஞ்ஞானிகள் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாவில் காட்டினர். தனித்தனிக் குழாய்களில் வளர்த்தபோது, வைரஸைத் தாங்கிய பாக்டீரியாக்கள் சில குழாய்களில் ஏராளம், சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. வைரஸ் பட்டபின் மாற்றம் தூண்டப்பட்டிருந்தால் இவ்வளவு ஏற்றத்தாழ்வு வந்திருக்காது.

தற்செயல் பற்றிய மாணவர்களின் புரிதலை அளப்பதுதான் கடினம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் ஃபீட்லர், ட்ரோப்ஸ்ட், ஹார்ம்ஸ் 2017-ல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இரு வினாத்தொகுப்புகள் தந்தனர்: ஒன்றில் கணிதச் சூழல், மற்றதில் பரிணாமச் சூழல். இரண்டும் தனித்தனித் திறன்கள் என்று தெரிந்தது. பகடைக் கணக்கு போடத் தெரிந்தவருக்குப் பூஞ்சையின் கதை தானாகப் புரிந்துவிடாது. வரையறை கேட்கும் இரண்டு மதிப்பெண் வினாவை விட, கென்ட்ஸின் வரலாற்றைக் கொடுத்து விளக்கம் கேட்பதே மேல்.