கைக்காசு இருந்தால்தான் ஆராய்ச்சியா?

வங்கியில் கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க கையிலிருந்து எவ்வளவு போடுறீங்க?" என்பதுதான். இதற்கு மார்ஜின் என்று பெயர். டிராக்டர் வாங்க வங்கி முழுப் பணமும் தராது. ஒரு பங்கை விவசாயி போட வேண்டும். சொந்தக் காசும் உள்ளே இருந்தால் பொறுப்பு இருக்கும் என்கிற கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு ஏக்கர்காரரிடம் போய் மார்ஜின் கேட்டால் அவர் வட்டிக்கடையைத்தான் தேடிப் போவார். அதனால்தான் 2 லட்ச ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு மார்ஜினும் வேண்டாம், அடமானமும் வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. 2025 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு 1.6 லட்சம்.

பல்கலைக்கழகங்களுக்குத் தரும் ஆராய்ச்சி மானியத்திலும் இதே மார்ஜின் உண்டு. அங்கே அதற்கு மேட்சிங் ஃபண்ட், அதாவது சமபங்கு என்று பெயர். நம்ம ஊரிலேயே, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்கள் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் 75:25 என்ற கணக்கில் நடக்கின்றன. 75 டெல்லி தரும். 25 மாநிலத் தரப்பு போட வேண்டும்.

இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று பார்க்க அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பல காலமாக நடக்கிறது, கணக்கும் வெளியே வந்திருக்கிறது. 1862-ல் வந்த மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து வேளாண் கல்லூரிகளை உருவாக்கியது. தென் மாநிலங்களில் அவற்றில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. 1890-ல் வந்த இரண்டாவது சட்டத்தின் வழியாக அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் அமைந்தன. இரண்டு வகைக்கும் மத்திய அரசு ஆராய்ச்சிப் பணம் தருகிறது. ஒரு டாலருக்கு மாநிலம் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி.

இங்கேதான் சூட்சுமம். 1890 கல்லூரிகளுக்கு மட்டும், மாநிலம் பாதிப் பங்கு போட்டாலும் போதும், மீதிக்கு விலக்கு வாங்கிக்கொள்ளலாம். கேட்க சலுகை மாதிரி இருக்கும். ஆனால் விலக்கு கிடைப்பதால் மாநிலத்தின் மீதிப் பாதி வந்து சேர்வதில்லை. பழைய கல்லூரிக்கு முழுப் பங்கு, சில மாநிலங்களில் அதற்கு மேலும். புதிய கல்லூரிக்கு விலக்குக் கடிதம். அந்நாட்டுப் பொது, நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2010 முதல் 2012 வரை 18 கல்லூரிகளில் 11-க்கு முழுச் சமபங்கு கிடைக்கவில்லை. விட்டுப்போன தொகை ஏறக்குறைய 5.7 கோடி டாலர்.

டென்னசி மாநில சட்டமன்றக் குழுவே 2021-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டது. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 1957-லிருந்து தராமல் விட்ட சமபங்கு 15 கோடி டாலரிலிருந்து 54.4 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு கட்டட வேலைகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நம்ம பாஷையில் சொன்னால் அசலில் ஒரு பகுதி, வட்டி இல்லாமல். 2023 செப்டம்பரில் அமெரிக்க வேளாண், கல்வி அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் பணத்தை இரண்டு வகைக் கல்லூரிகளுக்கும் ஒப்பிட்டு, முப்பது வருஷத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைந்திருக்கிறது என்றார்கள்.

நமக்கு ஏன் இந்தக் கதை என்கிறீர்களா? பங்கு போடச் சொன்னால், போட முடிந்தவர் விரும்பும் ஆராய்ச்சிதான் நடக்கும். பூச்சிமருந்துக் கம்பெனி பங்கு போடும், ஏனென்றால் பின்னால் பாட்டிலில் அடைத்து விற்கலாம். தக்கைப்பூண்டை மடக்கி உழுவதற்கும் ஊடுபயிருக்கும் எந்தக் கம்பெனி பங்கு போடும்? அமெரிக்காவில் 2014 வேளாண் சட்டம், போட்டி மானியம் கேட்கும் அமைப்புகள் பலவற்றை ஒன்றுக்கொன்று பங்கு போடச் சொன்னது; நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களுக்கு அதிலிருந்து விலக்கு. சின்ன அமைப்புகளுக்குத்தான் இடி. 2018 சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனமோ 2011-லேயே, 'நாங்க கேட்டதுக்கு மேல பங்கு போடுறோம்' என்று விண்ணப்பத்தில் எழுதவே கூடாது என்று தடுத்துவிட்டது. இல்லாவிட்டால் ஏலம் மாதிரி பணக்காரப் பல்கலைக்கழகமே ஜெயிக்கும்.

இன்னொரு விஷயம், இது நேராக நம் வயலைத் தொடுவது. அமெரிக்க மத்திய அரசு விதிப்படி சமபங்கு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியாள் தரும் உழைப்பு, இடம், பொருள் எல்லாவற்றுக்கும் சந்தை மதிப்புப் போட்டுப் பங்காகக் காட்டலாம், எழுத்தில் ஆதாரம் இருந்தால். நம்மிடம் "உங்க வயல்ல ஒரு அரை ஏக்கர் சோதனைக்கு விடுங்க" என்று கேட்டு வரும்போது நாம் சும்மா தலையாட்டி விடுகிறோம். அது தானம் இல்லை, பங்கு. ஒரு நோட்டுப் போடுங்கள். அந்தப் போகத்துக்கு நிலக் குத்தகை எவ்வளவு, எத்தனை ஆள் கூலி, எத்தனை வண்டி எரு, விதை எவ்வளவு, நீங்கள் நின்ற நாள் எத்தனை. தேதியோடு எழுதி, வருகிற அலுவலரிடம் மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். திட்ட அறிக்கையில் உங்கள் பங்கு எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். முடிவு வெளியாகும்போது முதல் பிரதி உங்களுக்கு வர வேண்டும், சோதனைப் பாத்தியில் விளைச்சல் விழுந்தால் ஈடு யார் தருவார் என்பதையும் விதைக்கு முன்னாலேயே அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.