கரண்டி நுழையாத கால்வாய்!

ஒரு டம்ளர் தண்ணீரை ஸ்பூனால் சுற்றுங்கள். ஸ்பூனை எடுத்த பிறகும் தண்ணீர் சற்று நேரம் சுழலும். இப்போது கிண்ணத்தில் தேன் எடுத்துச் சுற்றுங்கள். ஸ்பூனை எடுத்ததுமே தேன் நின்றுவிடும். அதன் பிசுபிசுப்பு, அதாவது பாகுத்தன்மை, வேகத்தை அடக்கிவிடுகிறது.

வேடிக்கை என்ன தெரியுமா? தலைமுடி பருமனே உள்ள கால்வாயில் விட்டால், தண்ணீரும் இப்படித்தான் நடந்துகொள்ளும்! சுவர்கள் மிக அருகில் இருப்பதால், அங்கே பாகுத்தன்மையின் கை ஓங்கிவிடும். சுழலே உண்டாகாது. சிவப்பு நீரையும் நீல நீரையும் சேர்த்து விட்டால், இறைவணக்கம் முடிந்து வகுப்புக்குப் போகும் இரண்டு வரிசை மாணவர்களைப் போல, ஒன்றோடொன்று கலக்காமல் அருகருகே செல்லும். இதற்கு 'வரிச்சீர் ஓட்டம்' என்று பெயர்.

ஒரே ஒரு துளி ரத்தத்தைச் சோதிக்கும் சில்லுகளில் இத்தகைய கால்வாய்கள் இருக்கின்றன. ரத்தமும் ரசாயனமும் கலந்தால்தானே முடிவு தெரியும்?

'தானாகக் கலக்காதா?' என்று கேட்பீர்கள். கலக்கும். மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்து மெல்லப் பரவும். இதுவே 'விரவல்'. ஒரு சிறிய மூலக்கூறு தண்ணீரில் 0.1 மி.மீ. பரவ ஏறக்குறைய 5 விநாடி ஆகும். 1 மி.மீ. பரவ 50 விநாடி போதுமா? போதாது! தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். அதாவது 8 நிமிடத்துக்கும் மேல். அதேபோல, தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால்பங்காகக் குறையும். ஆக, திரவங்களை மெல்லிய அடுக்குகளாக்கிவிட்டால் சீக்கிரம் கலந்துவிடும்.

எப்படி அடுக்குவது? 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆபிரகாம் ஸ்ட்ரூக், ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். சுமார் 0.2 மி.மீ. அகலக் கால்வாயின் தரையில் மீன்முள் போன்ற சாய்வான பள்ளங்களை வரிசையாகச் செதுக்கினார்கள். முள்ளின் முனையை ஒருமுறை இடப்பக்கமும் அடுத்த முறை வலப்பக்கமும் தள்ளி வைத்தார்கள். அவற்றின்மேல் ஓடும் திரவம் திரும்பித் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்தது. கரண்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கலந்துவிட்டது!

இதனால் என்ன பயன்? கொரோனாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் மருந்தைச் சுமந்து செல்பவை மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைகள். ஆல்கஹாலில் கரைந்த கொழுப்பும், நீரில் உள்ள எம்.ஆர்.என்.ஏ.வும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கலக்க வேண்டும். தாமதமானால் உருண்டைகள் பெரிதாகி, அளவும் ஒழுங்கில்லாமல் போய்விடும். ஆய்வகங்களில் இத்தகைய உருண்டைகளைச் செய்ய மீன்முள் கால்வாய் உதவுகிறது.

வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போது, வெள்ளை மாவையும் மஞ்சள் தூள் கலந்த மாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மடித்துத் தட்டுங்கள், மீண்டும் மடித்துத் தட்டுங்கள். 2 அடுக்கு 4 ஆகும், 8 ஆகும். ஒன்பதாவது மடிப்பில் 1,024! எத்தனையாவது மடிப்பில் இரண்டு நிறமும் ஒன்றாகிவிடுகிறது என்று எண்ணிப் பாருங்களேன்!