மென்பொருள் நின்றபின் நன்கொடைக் கணக்கு

சென்ற நிதியாண்டின் நன்கொடைகளையெல்லாம் ஒரு செயலியில் பதிந்துவந்த வாடிக்கையாளர் ஒருவர், அதன் சேவை நிறுத்தப்பட்டதும் கவலையுடன் நம் கிளைக்கு வந்தார். வரிக் கழிவு முழுவதும் பறிபோயிற்று என அஞ்சினார். அவரிடம் கூறியதை இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

செயலியில் இருந்தது நினைவுக்குறிப்பு மட்டுமே, சான்று அன்று. வருமான வரிக் கழிவு கோர, பதிவுபெற்ற அறக்கட்டளை வழங்கும் நன்கொடைச் சான்றிதழே அடிப்படை. அறக்கட்டளைகள் ஆண்டின் நன்கொடை விவரங்களை அடுத்த மே 31க்குள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, இச்சான்றிதழை வழங்க வேண்டும்.

ஆகவே, முதலில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கையைப் பெறுங்கள். காசோலை, யுபிஐ, இணையவழிப் பரிமாற்றம் ஆகியவற்றால் அளித்த நன்கொடைகளைக் குறித்துக்கொண்டு, உரிய அறக்கட்டளைகளிடம் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உங்கள் பான் எண்ணும் தொகையும் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள்.

ரூ.2,000க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கும், பொருளாக அளித்த கொடைக்கும் கழிவு கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் இச்சலுகை இல்லை.

அவ்வாடிக்கையாளரின் நன்கொடைகளில் ஒன்று தவிர மற்றவை கணக்கு அறிக்கையில் இருந்தன. விடுபட்டது ரொக்கமாக அளித்த ரூ.5,000, செயலி இருந்திருந்தாலும் அதற்குக் கழிவு கிடைத்திராது.

உங்கள் செயலி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தால், அந்நாளுக்கு முன்பே பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். நாள், அறக்கட்டளையின் பெயர், அதன் பான் எண், தொகை, செலுத்திய முறை, சான்றிதழ் எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவைப்பது நலம்.