வசந்தத்துடன் திறந்த கதவுகள்: முதியோர் குடியிருப்புகளில் திரும்பிய இயல்பு வாழ்க்கை

டேராடூன்: மார்ச் மாதத்தில் டேராடூன் பள்ளத்தாக்கில் மாமரங்களும் லிச்சி மரங்களும் பூக்கத் தொடங்கும். சிறுவர்கள் வீடுவீடாகச் சென்று வாசற்படியில் மலர் தூவி வாழ்த்தும் 'பூல் தேய்' பண்டிகையும் இப்பருவத்தில்தான் வருகிறது. ஆனால், பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் குடியிருப்புகளின் வாசல்கள் மூடியே இருந்தன.

2020 மார்ச் 24-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தொடங்கிய கட்டுப்பாட்டு உத்தரவுகள், 2022 மார்ச் 31-க்குப் பின் நீட்டிக்கப்படமாட்டா என மத்திய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. முகக்கவசம் அணிதல், கைகளைத் தூய்மையாக வைத்திருத்தல் ஆகியவை தொடரும் என அப்போது அறிவுறுத்தப்பட்டது.

இக்குடியிருப்புகளில் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது ஏன்?

உணவுக்கூடமும் பொது அறைகளும் அனைவருக்கும் பொதுவானவை. பணியாளர்கள் நாள்தோறும் வெளியிலிருந்து வருகின்றனர். ஒருவருக்குத் தொற்றினாலும் பலருக்குப் பரவும். முதுமையில் பாதிப்பும் அதிகம்.

தனிமைக்கும் விலை உண்டு. நடை குறைந்தால் தசை வலுவிழக்கும். தடுமாறி விழும் அபாயம் கூடும். பேச்சுத்துணை இல்லாவிடில் உறக்கமும் பசியும் கெடும்.

2022-இல் மாறியது என்ன?

60 வயதைக் கடந்தோருக்கு 2021 மார்ச் 1 முதல் தடுப்பூசி செலுத்தப்பட்டது. இணைநோய் உள்ளோருக்கு மட்டுமே இருந்த முன்னெச்சரிக்கைத் தவணை, 2022 மார்ச் 16 முதல் இவ்வயதினர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

திறந்தவெளியில் கிருமி எளிதில் கலைந்துவிடுவதால், உறவினரைச் சந்திக்க மூடிய அறையைவிடப் பூங்காவே ஏற்றது. காய்ச்சல், இருமல் உள்ளோர் தங்கள் வருகையைச் சில நாள்கள் தள்ளிவைப்பது முதியோருக்குச் செய்யும் பேருதவியாகும்.