முதுகுக்குக் கீழே ஒரு குளிர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1890-இல் அமைக்கப்பட்ட யோசெமிட்டி தேசியப் பூங்கா உள்ளது. அங்கே டுவாலமி புல்வெளி சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதுகுப்பையுடன் நடந்து செல்வோருக்கென்றே அங்கு ஒரு முகாம் உண்டு. காட்டுக்குள் தங்கிவர அனுமதிச் சீட்டு பெற்றவர்கள், பயணத்துக்கு முன் ஓர் இரவும் பின் ஓர் இரவும் அங்கே தங்கலாம். தேவையானதை நாமே சுமந்து செல்ல வேண்டும்.

உணவையும் பற்பசையையும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டீர்கள். இனி உறங்கலாமா? கோடையிலும் அங்கே இரவின் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதுண்டு. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

தடித்த உறக்கப்பை போதாதா? போதாது! உறக்கப்பையின் பஞ்சோ சிறகோ வெப்பம் தருவதில்லை. அவற்றிடையே சிக்கிய காற்றுதான் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி அல்லவா? ஆனால் நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழுள்ள பகுதி நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. உடல் வெப்பம் கடத்தல் முறையில் குளிர்ந்த தரைக்குள் இறங்குகிறது. ஆகவேதான் நசுங்காத நுரைப்பாயை அடியில் விரிக்கிறார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு எவர்சில்வர் தம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் கருங்கல் தரையிலும் மற்றதைத் தெர்மாகோல் துண்டின்மீதும் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்தால், எந்தப் படுக்கை நல்லது என்று தம்ளர்களே சொல்லிவிடும்.